எல்லாம் ஒரே இடத்தில்

ஜீப் டிரைவர் மொக்கச்சாமி கொண்டுவந்த துணிப்பையைக் காளீஸ்வரியின் மேஜைமேல் கவிழ்த்தார். செல்போன்கள் சடசடவென்று விழுந்தன. ஒன்று வழுக்கித் தரைக்குப் போக, சுசித்ரா கையை நீட்டிப் பிடித்தாள்.

"எங்க ஊரு சிலமலை ஜீப்புக போன் பூராம் இதுல இருக்கு. இனிமே நாங்க வாயால பேரைக் கூப்பிட்டே ஆளை ஏத்திக்கிறோம்."

"அண்ணே, உக்காருங்க. பேசுவோம்" என்றாள் காளீஸ்வரி.

"உக்காந்து பேசுற மனசுல நான் வரல ஆத்தா. உங்க போனு பச்சை காட்டுச்சு. எல்லாரும் ஏறியாச்சுன்னு காட்டுச்சு. அதை நம்பி வண்டியை எடுத்தேன். ஒரு பொம்பளையை மலையில விட்டுட்டு வந்துட்டேன். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் சிலமலைக்குள்ள நடக்க?"

 அவர் பையை உதறி மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.

போன வாரம் நடந்தது போடியில் இப்போது எல்லோருக்கும் தெரியும். ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகிற ஆட்களை ஜீப்பில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் கணக்குப் பார்க்க ஒரு செயலி. பெயர் 'ஏறியாச்சு'. சென்னையில் பத்து வருஷம் வேலை பார்த்து, கணவனைப் பிரிந்து ஊர் திரும்பிய காளீஸ்வரி, தம்பி ஜெகதீஷோடு சேர்ந்து ஆரம்பித்தது. ஏலக்காய்க் கடைகளுக்கு மேலே, மாடியில் ஆபீஸ். பன்னிரண்டு பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். ஜெகதீஷின் மனைவி சுசித்ராதான், எழுதியது சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கிற பிரிவுக்குப் பொறுப்பு.

அன்று சாயங்காலம் மழையும் மஞ்சு மூட்டமும் இறங்கிவிட்டன. மொக்கச்சாமியின் போன், காலையில் ஏறிய பெயர்களை, தோட்டத்தில் இறங்கிய பிறகும் அழிக்காமல் அப்படியே பச்சையாக வைத்திருந்தது. மேல்காட்டில் நின்ற அன்னக்கொடிக்கு ஹார்ன் சத்தம் கேட்கவில்லை. தனியாக இறங்கி வந்தவள் ஓடையில் வழுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்டு, விடியும்வரை அங்கேயே கிடந்தாள். இப்போது தேனியில் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

அந்தப் பிழையைச் சுசித்ரா முன்பே கண்டுபிடித்திருந்தாள். பிள்ளைகள் சரி செய்தும் விட்டார்கள். சரி செய்ததை ஜீப் போன்களுக்கு அனுப்பும் வழி மட்டும் ஜெகதீஷின் லேப்டாப்பில் இருந்தது. அவனே கட்டிய வழி, அவனுக்கு மட்டுமே தெரிந்த வழி. அன்று அவன் மதுரைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து, விட்டுவிட்டு வந்த சிக்னலில் அதை அனுப்பினான். பாதிப் போன்களுக்குப் போனது. பாதிக்குப் போகவில்லை. எதற்குப் போகவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை.

"அக்கா, டீ வந்திருச்சு" என்று சொல்லிக்கொண்டே ஜெகதீஷ் உள்ளே வந்தான். மேஜையைப் பார்த்தான். டீத்தம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"மொக்கச்சாமி அண்ணன் வந்துட்டுப் போறாரு" என்றாள் காளீஸ்வரி. "கதவைச் சாத்து தம்பி. இன்னைக்கு முடிவு பண்ணிருவோம்."

முடிவு செய்யவேண்டியது ஒரு மென்பொருள் தளத்தை. பிள்ளைகள் எழுதுவது ஓரிடத்தில், வருகிற குறைகளைப் பதிவது இன்னோரிடத்தில், சோதனை சுசித்ராவின் கணினியில், அனுப்புவது ஜெகதீஷின் லேப்டாப்பில். நான்கும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. இதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துச் செய்யக்கூடிய தளங்கள் இருக்கின்றன. சுசித்ரா நாலைந்தை எடுத்துப் பார்த்து, இரண்டை மிச்சம் வைத்திருந்தாள்.

"முதல்ல பாத்தது பாக்க அழகா இருக்கு மதினி" என்றாள் சுசித்ரா. "ஆனா பூராம் அவங்க இடத்துலதான் இருக்கும். நாளைக்குப் பிடிக்கலைன்னா நம்ம சாமானைத் தூக்கிக்கிட்டு வெளிய வர்றது கஷ்டம். ரெண்டாவதுல நம்ம மெஷின்லயும் ஒரு நகல் வச்சுக்கலாம். சோதனையில ஒண்ணு தப்பானாலும் அதுவே நிறுத்திரும், போனுக்குப் போகாது. ரெண்டு பேரு ஒப்புக்கிட்டாத்தான் வெளிய போகணும்னு நாமளே வச்சுக்கலாம். எந்தப் போனுக்குப் போச்சு, எதுக்குப் போகலன்னு எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாத்தையும் கொண்டுபோய் ஒருத்தன் கையில குடுக்கணும்ங்கிறீங்க" என்றான் ஜெகதீஷ். "அவன் ஒருநாள் படுத்துக்கிட்டான்னா? நாம எல்லாரும் படுத்துக்கணும்."

"இப்பவும் ஒருத்தன் கையிலதான்டா இருக்கு" என்றாள் காளீஸ்வரி. "உன் கையில."

 கீழே கடையில் ஏலக்காய் மூட்டையைத் தரையில் போடுகிற சத்தம் கேட்டது.

"அப்ப அன்னக்கொடி விழுந்ததுக்கு நான்தான் காரணம்ங்கிற."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்பிடிச் சொல்லுவ? இந்தக் கம்பெனிக்குப் பேரு வைக்கிறதுக்கு முன்னாடி அந்த வழியக் கட்டுனேன்க்கா. ஒரு பைசா செலவில்லாம நாலு வருஷம் ஓட்டியிருக்கேன். ஒருநாள் தப்பாப் போச்சு. ஒரே ஒருநாள்."

சுசித்ரா இன்னொரு போனை எடுத்து அவன் பக்கம் காட்டினாள். அவளுடைய சோதனைப் போன்.

"ஒருநாள் இல்லைங்க. இன்னைக்குக் காலையிலயும் அதே மாதிரிதான் இருக்கு. நேத்து நீங்க மறுபடி அனுப்புனீங்கள்ல? பாருங்க. காலையில ஏத்துன பேரு, இறக்குன பிறகும் எதுவும் அழியல. பூராம் பச்சை."

ஜெகதீஷின் முகத்தில் இருந்த கோபம் சட்டென்று வடிந்தது. போனை வாங்கிப் பார்த்தான். பிறகு தன் லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தான்.

"எங்க போற?" என்றாள் காளீஸ்வரி.

"சோலி இருக்கு."

"பாஸ்வேர்டைக் குடுத்துட்டுப் போ. நாங்க மாத்துற வேலையைப் பாக்குறோம்."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தெருவில் அவனுடைய பைக் கிளம்பியது.

சுசித்ரா ஜன்னலில் நின்று அது போகிற திசையைப் பார்த்தாள். முந்தல் பக்கம் போனது. மலைக்குத்தான் போகிறான். பூப்பாறைக்கு அந்தப் பக்கம் அவர்கள் அப்பா பிச்சைமணிக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் உண்டு.

"மதினி, டிரைவருகளுக்குச் சொல்லிரலாம்" என்றாள். "ராசிங்காபுரம் ஜீப்பு, தேவாரம் ஜீப்பு எல்லாம் இன்னமும் நம்ம போனைத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. இன்னைக்குப் பச்சையை நம்ப வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிருவோம்."

காளீஸ்வரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "சொன்னா இன்னைக்கே கடையைச் சாத்திட்டுப் போயிறலாம் சுசி. ஒரு வாரத்துல ரெண்டு தடவை தப்புன்னு நாமளே போய்ச் சொல்றதா? தோட்டத்து முதலாளி ஒருத்தன் நம்மகூட இருக்க மாட்டான். இந்தப் பிள்ளைகளை எங்க அனுப்புவேன்? சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிரலாம். அவன் மட்டும் வரட்டும்."

காளீஸ்வரியின் செல் அடித்தது. அப்பா. வீட்டில் இருந்து பேசினார்.

"என்னம்மா, தம்பியை விரட்டிட்டியா? தோட்டத்துச் சாவியை வாங்கிட்டுப் போறான். கேட்டா வாயே தெறக்கல."

"நான் விரட்டலப்பா."

"ஒரு மிஷினுக்காகக் கூடப் பொறந்தவனை ஒதுக்காத. அம்புட்டுத்தான் சொல்லுவேன்."

போனை வைத்தபோது காளீஸ்வரியின் கண்கள் கலங்கியிருந்தன. அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. சுசித்ராவும் பார்க்காத மாதிரி கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"நான் போய்க் கூட்டிட்டு வர்றேன் மதினி."

தெருமுனையில், டீக்கடைக்குப் பக்கத்தில் மொக்கச்சாமியின் ஜீப் நின்றது. தோட்டத்துக்கு உரமூட்டை லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். சுசித்ராவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமனார் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்றாள் அவள். பிறகு என்ன நினைத்தாரோ, முன்சீட்டில் கிடந்த துண்டை எடுத்துவிட்டு, "ஏறு தாயி" என்றார்.

முந்தல் செக்போஸ்ட் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் காற்று மாறியது. கீழே சமவெளியில் வெயில் அடித்துக்கொண்டிருக்க, மேலே மேகம் தோட்டங்களை மூடிக்கிடந்தது. மொக்கச்சாமி கியரை மாற்றினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்" என்றார். "அன்னக்கொடி என்னைத் திட்டுவான்னு நெனைச்சேன். அது என்னடான்னா, 'அண்ணே, நீங்க சாப்பிட்டீங்களா'ங்குது. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்."

அடுத்த வளைவைத் திருப்பிவிட்டு அவரே மறுபடி பேசினார்.

"அது சரி, இப்ப சரியாயிருச்சா? உங்க போனு?"

பொய் சொல்வது எளிதாக இருந்திருக்கும். அவர் நம்பியிருப்பார்.

"இல்லண்ணே. இன்னைக்கும் தப்பாத்தான் இருக்கு."

ஜீப் ஒரு குலுங்கு குலுங்கி ஓரத்தில் நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனான்.

"மத்த ஜீப்புக்காரனுகளுக்குச் சொல்லியாச்சா?"

"மதினி... சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிரலாம்ங்கிறாங்க."

"சொல்லல."

"இன்னும் சொல்லல."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். "தாயி, உன் மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா ஒண்ணு. ஜீப்புக தோட்டத்துல இருந்து எறங்குறதுக்குள்ள நீங்க சொல்லணும். நீங்க சொல்லலைன்னா நான் ஒவ்வொருத்தனாக் கூப்பிட்டுச் சொல்லுவேன். அப்பறம் உங்க கம்பெனி என்ன ஆனாலும் என்னைக் கேக்கக்கூடாது."

"கேக்க மாட்டோம்ணே."

ஜீப் மறுபடி ஏறத் தொடங்கியது.

பிச்சைமணியின் தோட்டத்தில் காய் உலர்த்துகிற ஸ்டோர் பூட்டாமல் திறந்து கிடந்தது. உள்ளே வெதுவெதுப்பும் ஏலக்காய் நெடியும். ஜெகதீஷ் ஒரு காலிச் சாக்கின்மேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்திருந்தான். மனைவியைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"அக்கா அனுப்புச்சா?"

"நானா வந்தேன்."

"பாஸ்வேர்டு வாங்கவா?"

சுசித்ரா எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "ஏங்க, ஜோதி காதுகுத்துக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

அவன் நிமிர்ந்தான். அவர்கள் மகள் ஜோதிக்கு நாலு வயது. ஆறு மாதம் முன்பு கோயிலில் காது குத்தினார்கள்.

"கோயில்லதான் இருந்தேன்."

"மடப்பள்ளிக்குப் பின்னாடி இருந்தீங்க. லேப்டாப்போட. பிள்ளை அழுகுறப்ப மாமன் மடியில இருந்து உங்களைத் தேடுனா. எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்ச பிறகு வந்தீங்க. நான் அந்தத் தளத்தை ஏன் இம்புட்டு நாளாத் தேடுறேன்னு நெனைக்கிறீங்க? மதினிக்காகவா? கம்பெனிக்காகவா?"

"என்னை வேணாம்னு ஒதுக்குறீங்கன்னு நெனைச்சேன்."

"எனக்கு நீங்க வேணும். உங்களைப் பிடிச்சு வச்சிருக்கிற அந்தச் சோலிதான் வேணாம்."

ஜெகதீஷ் தலையைக் குனிந்துகொண்டான். திரையைப் பார்த்தபடியே சொன்னான். 

"நான் கோவிச்சுக்கிட்டு வரல சுசி."

"பின்ன?"

"நேத்து நான் சரியாத்தான் அனுப்புனேன். எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் அனுப்புனேன். அப்படியும் பழசுதான் போயிருக்கு. ஏன்னு காலையில இருந்து பாக்குறேன்." அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். "இந்த எடத்தைப் பாரு. இது நான் எழுதுனது. நாலு வருஷத்துக்கு முன்னாடி. அதுக்கு மேல ஒட்டு, அந்த ஒட்டுக்கு மேல இன்னொரு ஒட்டு. இப்ப இது எப்பிடி ஓடுதுன்னு எனக்கே தெரியல."

சுசித்ரா அவனையே பார்த்தாள்.

"அந்தப் புதுத் தளத்துக்கு மாத்துறதுன்னா எல்லாரும் இதைத் தெறந்து பாப்பாங்க. நம்ம பிள்ளைக பாக்கும். அக்கா பாக்கும். கம்பெனியவே தாங்கிக்கிட்டு இருக்கான்னு நெனைச்சிக்கிட்டு இருக்கிறவன் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டியிருக்கான்னு தெரியும். அதான் யாரும் பாக்குறதுக்கு முன்னாடி சரி பண்ணிரலாம்னு இங்க வந்தேன். முடியல."

 சுசித்ரா அவன் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.  வெளியே தகரக் கூரையில் மழை விழ ஆரம்பித்தது.

மழைச் சத்தம் அவளை உலுக்கியது.

"வெரசாக் கெளம்புங்க. இங்க சிக்னல் இல்ல. போடிமெட்டுக்குப் போனாக் கிடைக்கும். இருக்கிறதை இருக்கிறபடியே புதுத் தளத்துல ஏத்துவோம். அசிங்கமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்."

பைக்கைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்த இருவரையும், உரமூட்டைகளை இறக்கிவிட்டு வந்த மொக்கச்சாமி ஏற்றிக்கொண்டார். போடிமெட்டில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஜெகதீஷ் லேப்டாப்பைத் திறந்தான். பாஸ்வேர்டை அவன் வாயால் சொல்ல, சுசித்ரா தன் போனில் காளீஸ்வரிக்கு அனுப்பினாள். நாலு வருஷ வேலை மெல்ல மெல்ல ஏறியது. மொக்கச்சாமி தள்ளி நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப்புகள் இறங்குகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

கீழே ஆபீசில் காளீஸ்வரி அதே பக்கத்தைத் தன் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். எது ஏறியது, எது ஓடுகிறது, எந்தச் சோதனை முடிந்தது என்று வரிசையாகத் தெரிந்தது. அவள் பார்ப்பதையே மலைமேல் தம்பியும் பார்க்கிறான். இத்தனை வருஷத்தில் இது முதல் தடவை.

சோதனைகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. பிறகு ஒன்று சிவப்பானது. எல்லாம் நின்றது.

காளீஸ்வரி போனை எடுத்தாள். "தம்பி, என்னாச்சு?"

"நிறுத்திருச்சுக்கா. மலைக்கு வர்ற போனு சிக்னல் இல்லாம இருக்கிறப்ப காலையில ஏத்துன பேரு அழியல. சுசி எழுதுன சோதனை அதைப் பிடிச்சிருச்சு." அவன் குரலில் வியப்பு இருந்தது. "என்னோடதா இருந்தா இது போயிருக்கும்க்கா. நிறுத்துறதுக்கு அதுல ஒண்ணுமே கிடையாது."

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியல. இன்னைக்கு முடியாது."

காளீஸ்வரி ஜன்னலைப் பார்த்தாள். மலை தெரியவில்லை. மேகம் கீழ்வரைக்கும் இறங்கியிருந்தது.

"தம்பி... உன் பழைய வழியில அனுப்பிரு."

"என்னக்கா?"

"உன் வழியில அனுப்பு. அது நிறுத்தாதுல்ல? பாதிப் போனுக்காவது சரியாப் போனாப் போதும். மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்குவோம்."

 சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று காளீஸ்வரிக்கு உறைத்தது. காலையில் எந்த வழியை மூட வேண்டும் என்று தம்பியின் முகத்துக்கு நேராகச் சொன்னாளோ, அதே வழியில் அனுப்பச் சொல்கிறாள்.

"போயிரும்க்கா" என்றான் ஜெகதீஷ். "சரியாப் போகுமான்னு எனக்குத் தெரியாது. நான் அனுப்ப மாட்டேன்."

அவள் போனை வைத்தாள். அறைக்கு வெளியே பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டிரைவர் நம்பர் பூராம் எடுங்க" என்றாள். "ஆளுக்குக் கொஞ்சம் பிரிச்சுக்கங்க. ராசிங்காபுரத்துக்கு நான் பேசுறேன்."

முதல் எண்ணைப் போட்டாள்.

"சோலைமலை அண்ணே, நான் 'ஏறியாச்சு' காளீஸ்வரி பேசுறேன். இன்னைக்கு எங்க போனை நம்பாதீங்க. ஆமாண்ணே, மறுபடியும் தப்பாத்தான் இருக்கு. எங்க தப்புதான். பேரைக் கூப்பிட்டு, ஆளைக் கண்ணால பாத்துட்டு வண்டியை எடுங்க. உங்களைக் கும்புட்டுக் கேக்குறேன்."

மறுமுனையில் விழுந்த திட்டை முழுவதும் கேட்டுக்கொண்டாள். அடுத்த எண்ணைப் போட்டாள். அடுத்ததையும். சிலர் பாதியில் வைத்தார்கள். ஒருவர் சிரித்தார், அது திட்டைவிட மோசமாக இருந்தது. விஷயம் தெரிந்து கூப்பிட்ட தோட்டத்து முதலாளி ஒருவர், இத்தோடு முடித்துக்கொள்வோம் என்றார். சரி என்றாள்.

எல்லாருக்கும் பேசி முடித்த பிறகும் அவளால் ஆபீசில் இருக்க முடியவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு முந்தலுக்குப் போனாள்.

செக்போஸ்டுக்குப் பக்கத்தில் குடைகூட இல்லாமல் நின்றாள். ஜீப்புகள் மஞ்சைக் கிழித்துக்கொண்டு ஒவ்வொன்றாக இறங்கின. தார்ப்பாய்க்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்த பெண்கள் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். தேவாரம் ஜீப்புகள் வந்துவிட்டன. சோலைமலையின் ஜீப் மட்டும் வரவில்லை. இருட்டுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

அது வந்தபோது அவள் ரோட்டுக்கே இறங்கிவிட்டாள்.

சோலைமலை வண்டியை அவள் முன்னால் நிறுத்தினார். இறங்கவில்லை. "பச்சைதான் காட்டுச்சு" என்றார். "கூப்பிட்டா ரெண்டு பொம்பளைக இல்ல. மேல காயை எடை போட நின்னுட்டாக. காத்திருந்து ஏத்திக்கிட்டு வர்றேன்." கியரைப் போட்டுவிட்டு, "நீ போன் பண்ணலைன்னா..." என்று தொடங்கினார். முடிக்காமல் போய்விட்டார்.

கடைசியாக மொக்கச்சாமியின் ஜீப் வந்தது. ஜெகதீஷும் சுசித்ராவும் இறங்கினார்கள். அக்காவும் தம்பியும் மழையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உன்கிட்ட அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாதுடா" என்றாள் காளீஸ்வரி.

"விடுக்கா. எனக்கும் முதல்ல அந்தப் பழைய வழியிலதான் கை போச்சு."

மூன்று பேரும் ஆபீசுக்கு வந்தார்கள். பிள்ளைகள் கிளம்பிவிட்டிருந்தார்கள். காலையில் கொட்டிய போன்கள் மேஜையில் அப்படியே கிடந்தன. காளீஸ்வரி அவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் திரையைத் திறந்தாள். தளம் முடிவாகிவிட்டது, அதில் இனி பேச்சில்லை. ஒரே ஒரு வேலைதான் மிச்சம். எது வெளியே போனாலும் ஒப்புக்கொள்ள வேண்டிய இரண்டு பேர் யார் என்று அதில் பதிய வேண்டும். அந்த இருவரும் சொல்லாமல் எதுவும் மலைக்குப் போகாது. நாளைக் காலையில் ஜீப்புகள் கிளம்புவதற்கு முன் போகவேண்டியதும் போகாது.

முதல் பெயராகத் தன் பெயரை அடித்தாள். "ரெண்டாவது நீதான் தம்பி."

ஜெகதீஷ் தலையை ஆட்டினான். "வேணாம்க்கா. பிள்ளைகளுக்கு உள்ளதை எல்லாம் சொல்லிக் குடுத்திர்றேன், ஒண்ணையும் மறைக்க மாட்டேன். ஆனா ராத்திரி தூக்கத்துல செல் அடிச்சா எந்திரிக்கிற ஆளா இனிமே என்னால இருக்க முடியாது. சுசி பேரைப் போடு. அதைக் கண்டுபிடிச்சதே அவதான்."

காளீஸ்வரிக்கு அது சரியென்றே பட்டது. 'சு' என்று அடித்தாள்.

"போடாதீங்க மதினி."

சுசித்ரா கதவருகில் நின்றிருந்தாள். ஈரத் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"ஏன் சுசி?"

"ஆறு மாசமா இவரை அதுல இருந்து பிரிச்சு எடுக்கத்தான் நான் பாடுபட்டேன். ஜோதிக்கு அப்பா இன்னைக்குத்தான் திரும்பக் கெடைச்சிருக்காரு. அதே நாள்ல அவளோட அம்மாவைப் பிடுங்கிக்கிறீங்களா?"

"இது அப்பிடி இல்ல சுசி. இதுல ரெண்டு பேரு—"

"ரெண்டு பேருல ஒருத்தர் நீங்க மதினி. மழையும் பயமும் ஒண்ணா வந்தா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு இன்னைக்கு இவரு போன்ல பேசுறப்ப பக்கத்துல இருந்து கேட்டேன். அப்ப முடியாதுன்னு சொல்றவ நானாத்தான் இருக்கணும். ஒவ்வொரு தடவையும். இந்த வீட்டுல இருந்துக்கிட்டு, உங்க கையால சாப்பிட்டுக்கிட்டு, உங்ககிட்ட நான் முடியாதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். என்னால ஆகாது."

அவள் குரலை உயர்த்தவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். ஜெகதீஷ் அக்காவைப் பார்த்தான், படியைப் பார்த்தான். பிறகு மனைவியின் பின்னால் போனான்.

காளீஸ்வரி தனியாக உட்கார்ந்திருந்தாள். யாரைப் போடலாம் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளில் அவளிடம் நேருக்கு நேராக முடியாது என்று சொல்லக்கூடியவர் ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை. இத்தனை வருஷத்தில் அப்படி ஒருவரை அவள் வளர்க்கவில்லை.

அடித்த ஒற்றை எழுத்தை அழித்தாள். அந்தக் கட்டம் காலியாக, பெயருக்காகக் காத்துக்கொண்டு நின்றது.